தீர்ப்பு சொல்லாத நாட்டாமை: குழு விவாதத்துக்கு ஒரு சாட்பாட் செய்த அனுபவம்

பாலிடெக்னிக்கில் முதலாமாண்டு மாணவர்களுக்கு மின்னியல் அடிப்படைகளை நடத்துகிறேன். பெரும்பாலானவர்கள் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்து வந்தவர்கள். மணி அடித்ததும் ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியவர்கள். வகுப்பு முடிந்து வட்டமாக உட்கார்ந்து ஒரு கணக்கை அலசுவதற்கெல்லாம் நேரமே கிடையாது. அதனால் இருபத்தெட்டுப் பேரையும் நான்கு நான்காகப் பிரித்து டெலிகிராமில் ஏழு குழுக்கள் தொடங்கினேன். இரவு எட்டு மணிக்கு ஒரு கேள்வி போடுவேன். ஒன்பது மணிக்குள் பேசி ஒரு விடைக்கு வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முதல் மாதத்து உரையாடல்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். எல்லாக் குழுவிலும் ஒரே கதை. நன்றாகப் படிக்கும் ஒருவன் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு விடையைப் போட்டுவிடுகிறான். அடுத்தவன் 'ஆமாம்' என்கிறான். மூன்றாவதாக ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. நான்காவது ஆள் மறுநாள் காலை பஸ்ஸில்தான் எட்டிப் பார்க்கிறார். முதல் விடை தப்பாக இருந்தாலும் இதே வரிசைதான். கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட இதைவிட அதிகம் எழுதுவார்கள்.

நானே ஒரு வாரம் எல்லாக் குழுவிலும் புகுந்து கிளறிப் பார்த்தேன். ஏழு அடுப்பில் ஏழு குழம்பு வைத்தவள் கதிதான். ஒன்றைக் கிண்டும்போது இன்னொன்று அடி பிடித்தது. அதோடு, நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். "மேடம் வந்துவிட்டார், அவரே சொல்லிவிடுவார்" என்று காத்திருப்பார்கள். அப்போதுதான் ஒரு சாட்பாட் (அரட்டையில் தானாகப் பேசும் நிரல், சுருக்கமாக பாட்) செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஓரளவு பைத்தான் நிரல்மொழி தெரியும். வீட்டில் திரை கீறல் விழுந்த பழைய லேப்டாப் ஒன்றும் இருந்தது.

இந்த யோசனை புதியது ஒன்றுமில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா என்ற உரையாடல் நிரல், எதிரில் இருப்பவர் சொன்ன வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து அதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டது. அவ்வளவு எளிய தந்திரத்துக்கே மனிதர்கள் மயங்கினார்கள். பிறகு வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த சாரா மைக்கேல்ஸ், கேத்தரின் ஓ'கானர், லாரன் ரெஸ்னிக் ஆகியோர், நல்ல ஆசிரியர் விவாதத்தின் நடுவே போடும் சிறு கேள்விகளை வகைப்படுத்தினார்கள். 'அவள் சொன்னதை உன் சொற்களில் சொல்', 'அவன் சொன்னதை ஏற்கிறாயா, ஏன்?', 'எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?' என்ற மாதிரியானவை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கரோலின் ரோசேயின் குழு பஜார் என்ற கட்டமைப்பின் வழியாகவும், கிரீஸின் தெசலோனிக்கி நகரில் ஸ்டெர்ஜியோஸ் தெகோஸ், ஸ்டாவ்ரோஸ் டிமிட்ரியாடிஸ் ஆகியோர் மென்டர்சாட் என்ற கருவியின் வழியாகவும் இந்தக் கேள்விகளை இயந்திரத்தின் வாயில் வைத்துப் பார்த்தார்கள். இதில் எனக்குப் பிடித்துப்போன விஷயம், இயந்திரத்துக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது. எப்போது, எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அந்த 'எப்போது' தான் அடுத்த மூன்று மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

முதல் நாள் பாட் வாயே திறக்கவில்லை. நிரலை நூறு முறை பார்த்தேன், பிழை இல்லை. டெலிகிராமில் குழுவுக்குள் சேர்க்கும் பாட்டுக்கு இயல்பாகவே ஒரு கண்கட்டு உண்டு. சாய்கோட்டோடு தொடங்கும் கட்டளைகளும் அதற்கு நேரடியாக வரும் பதில்களும் மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும். மற்றவர்கள் தங்களுக்குள் பேசுவது தெரியாது. பாட்டுகளை உருவாக்கி நிர்வகிக்க டெலிகிராமே வைத்திருக்கும் பாட்ஃபாதர் என்ற பாட்டிடம் போய் அந்தத் தனியுரிமை அமைப்பை அணைக்க வேண்டும். அணைத்தேன், அப்போதும் பேசவில்லை. அணைத்த பிறகு பாட்டைக் குழுவிலிருந்து வெளியேற்றி மறுபடி சேர்த்தால்தான் மாற்றம் பலிக்கும் என்பது அன்று நள்ளிரவில் தெரிந்தது. ஏழு குழுவிலும் வெளியே, உள்ளே.

கண்கட்டை அவிழ்த்தால் பாட் எல்லாவற்றையும் படிக்கும் என்று பொருள். இதை மாணவர்களிடம் வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். பாட்டுக்குத் தொலைபேசி எண் தெரியாது, பெயரும் ஒரு அடையாள எண்ணும் தெரியும், பருவத் தேர்வு முடிந்ததும் எல்லாப் பதிவையும் அழித்துவிடுவேன் என்றேன். சொந்தக் கதை பேசுவதற்கு அவர்களே தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது வாரம் ஐந்தாம் குழுவின் பதிவு திடீரென்று நின்றுபோனது. யாரோ ஒரு மாணவர், தாமதமாகச் சேர்ந்த நண்பனுக்குப் பழைய செய்திகள் தெரியட்டும் என்று அமைப்பை மாற்றியிருக்கிறார். அப்படி மாற்றினால் டெலிகிராம் சாதாரணக் குழுவை சூப்பர் குழுவாக உயர்த்திவிடும். அதோடு குழுவின் அடையாள எண்ணும் மாறிவிடும். என் நிரலோ பழைய எண்ணைக் கட்டிக்கொண்டு காலி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. மாறிய எண்ணைச் சொல்லும் செய்தியை டெலிகிராம் அனுப்பத்தான் செய்கிறது. அதைப் படிக்க நான்கு வரி சேர்த்தேன்.

இவையெல்லாம் ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தால் தீர்பவை. தமிழ்தான் உண்மையான வேலை வாங்கியது.

பாட் எப்போது பேச வேண்டும் என்று முடிவு செய்ய, செய்தியில் பாடச் சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் வேலையாகச் செய்தியைச் சொற்களாக உடைக்க, எழுத்து வடிவங்களைத் தேடிப் பிடிக்கும் பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் போட்டேன். 'மின்தடை' என்று கொடுத்தால் 'ம', 'ன', 'தட' என்று மூன்று துண்டாகத் திருப்பித் தந்தது. எழுத்து என்பதற்கு அது வைத்திருக்கும் இலக்கணத்தில் நம் கொம்பும் சுழியும் புள்ளியும் சேர்வதில்லை. துணைக்குறி வந்த இடத்திலெல்லாம் கத்தி வைக்கிறது. வெற்றிடத்தையும் நிறுத்தக்குறிகளையும் வைத்து மட்டும் உடைப்பது என்று மாற்றினேன், சரியாயிற்று.

அடுத்தது, 'மின்னோட்டம்' சில பேருக்கு மட்டும் பிடிபடவில்லை. திரையில் பார்த்தால் எந்த வேறுபாடும் இல்லை. கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'னோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். எந்த விசைப்பலகை எப்படி அனுப்பும் என்று சொல்ல முடியாது. வந்த செய்தியை முதலில், பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு வரிதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்.

பிறகு வேற்றுமை உருபுகள். மின்னோட்டத்தை, மின்னோட்டத்தில், மின்னோட்டமும் என்று சொல் வால் முளைத்து வரும். முழு இலக்கணப் பகுப்பாய்வுக்கெல்லாம் போகாமல், சொல்லின் தொடக்கம் 'மின்னோட்ட' என்று இருந்தால் போதும் என்று வைத்தேன். மாணவர்கள் மின்னோட்டம் என்று எழுதுவது தேர்வுத் தாளில்தான். பேச்சில் அது கரண்ட். ஆகவே 'கரண்ட' என்ற தொடக்கத்தையும் பட்டியலில் சேர்த்தேன். இது பின்னால் என்ன செய்தது என்பதற்கு வருகிறேன்.

எட்டாவது வாரத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி பழைய, நல்ல கேள்வி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லில்லியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992இல் எழுதிய ஆய்வில் வருவது. ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். முதல் பேட்டரியில் 1ஆம் பல்பு மட்டும். இரண்டாவதில் 2, 3 தொடர் இணைப்பில். மூன்றாவதில் 4, 5 பக்க இணைப்பில். பிரகாசத்தை வரிசைப்படுத்துக. கணக்குப் போட எண்ணே கிடையாது, பேசித்தான் தீர்க்க வேண்டும். 1, 4, 5 ஒரே பிரகாசம்; 2, 3 தங்களுக்குள் சமம், ஆனால் மங்கல். சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் இதில் சறுக்குவார்கள். இரண்டு தப்பெண்ணங்கள் ஆழமாக வேர்விட்டிருக்கும்: பல்பு கரண்டைத் தின்றுவிடுகிறது என்பது ஒன்று, பேட்டரி எப்போதும் ஒரே அளவு கரண்டைத்தான் தரும் என்பது இன்னொன்று.

பாட்டின் முதல் வடிவம் வாயாடி. பாடச் சொல் ஒன்று கண்ணில் பட்டாலே 'தங்கள் கருத்தைக் காரணத்துடன் விளக்க இயலுமா?' என்று கேட்கும். "இது என்ன, தாலுகா அலுவலகக் கடிதமா?" என்றான் ஒருவன். எதைச் சொன்னாலும் 'ஏற்கிறீர்களா?' என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டதால் நாட்டாமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் 'துணை' என்று வைத்திருந்த பெயர் அன்றோடு போயிற்று. இன்னொரு குழுவில் ஒரு மாணவி என்னிடமே வந்து, "மேடம், நீங்கள்தானே பின்னால் இருந்து பேசுகிறீர்கள்?" என்றாள். இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

தமிழைச் சுருக்கினேன். 'ஏன் அப்படி?', 'இதை ஏற்காதவர் உண்டா?', 'இதையே வேறு ஒருவர் சொல்லிப் பாருங்கள்.' மொத்தமே பதினான்கு வரிகள். இடைவெளியைக் கூட்டினேன். ஆனாலும் ஒரு மாணவன் மெனக்கெட்டு விளக்கம் தட்டிக்கொண்டிருக்கும்போதே பாட் குறுக்கே புகுந்தது. யாராவது தட்டிக்கொண்டிருந்தால் நம் திரையில் காட்டும் அல்லவா, அந்தச் செய்தியை டெலிகிராம் பாட்டுகளுக்குத் தருவதில்லை. அது குருடன் போல உட்கார்ந்து, சத்தம் இல்லை, எனவே ஆள் இல்லை என்று முடிவு கட்டுகிறது. கைபேசியில் தமிழில் நான்கு வரி தட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நானே கடிகாரம் வைத்துத் தட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் சர்வசாதாரணமாகப் போகிறது.

இந்த இடத்தில் செய்த ஒரு மாற்றம்தான் பாட் முழுவதையும் காப்பாற்றியது. சொல்ல வேண்டும் என்று பாட் முடிவு செய்தவுடன் அனுப்பாமல், வரியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். முதலில் 25 நொடி வைத்தேன், பிறகு 40. பேச்சு ஓய்ந்து கிடக்கும்போது மூன்று நிமிடம். அதற்குள் மாணவர் யாராவது பேசிவிட்டால் தன் வரியை விழுங்கிவிடும். விழுங்கியதையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கச் சொன்னேன். முதல் வார முடிவில் அந்தக் கோப்பைத் திறந்தால், சொன்ன வரிகளைவிட விழுங்கிய வரிகள் அதிகம். பாட் கேட்க நினைத்த 'ஏன்?' என்பதை அந்த நாற்பது நொடிக்குள் ஒரு மாணவனே கேட்டிருக்கிறான். அதைப் படித்தபோது வந்த மகிழ்ச்சி, பாட் சரியாகப் பேசிய எந்த நாளிலும் வரவில்லை.

இதற்கிடையில் ஒரு நப்பாசையும் வந்தது. இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக சாட்ஜிபிடி போன்ற ஒரு பெரிய மொழி மாதிரியை இணைத்துவிட்டால் என்ன? இரண்டு குழுவில் மட்டும் ஒரு மாலை சோதித்தேன். விடையைச் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேள் என்று தெளிவாக அறிவுறுத்தியிருந்தேன். கால் மணி நேரம் அழகாகக் கேட்டது. பிறகு ஒருவன், "சும்மா விடையைச் சொல்" என்றான். பணிவாகப் பன்னிரண்டு வரியில் முழு விளக்கமும் வந்து விழுந்தது. எட்டு மணி இருபது நிமிடத்துக்குக் கடை மூடியாயிற்று. அதைக்கூடத் திருத்திவிடலாம். இன்னொரு குழுவில் விடை வெளியே வரவில்லை, ஆனால் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்தே பேசினார்கள். குழு விவாதம் நான்கு தனி டியூஷனாக உடைந்தது. சாமர்த்தியமான ஆள் கூட்டத்தில் இருந்தால் எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள். என் நாட்டாமைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாதது நல்லதே என்று பழைய வழிக்கே திரும்பினேன். மொழி மாதிரியைப் பகலில் மட்டும் வைத்துக்கொண்டேன்: ஒரே கருத்தை மாணவர்கள் எத்தனை விதமாக எழுதக்கூடும் என்று பட்டியல் கேட்க. அதிலும் பாதியை நான் அடித்துவிடுவேன்.

ஆனால் தீர்ப்பே சொல்லாத நாட்டாமைக்கு ஒரு சங்கடம் உண்டு. நால்வரும் ஒற்றுமையாகத் தப்பு விடைக்கு வந்தால் என்ன செய்வது? இரண்டாம் குழு அப்படித்தான், '2ஆம் பல்பு கரண்டைப் பாதி சாப்பிட்டுவிடும், மீதிதான் 3க்குப் போகும்' என்று முடிவு செய்து நிம்மதியாகத் தூங்கப் போனது. 'தப்பு' என்று சொல்ல வைக்க எனக்கு மனம் இல்லை. அதற்குப் பதில், கரண்ட் என்பதும் சாப்பிடு, தீர்ந்து, மீதி போன்ற சொற்களும் ஒரே செய்தியில் வந்தால் ஒரு சோதனையைக் கேள்வியாக வீசும்படி செய்தேன்: 'பேட்டரியைத் திருப்பி மாட்டினால் என்ன ஆகும்?'

ஆறாம் குழுவில் மறுநாள் இது வேலை செய்தது. கேள்வி விழுந்த பிறகு மூன்று நிமிடம் சத்தமே இல்லை. பிறகு ஒருத்தி எழுதினாள்: "திருப்பினால் கரண்ட் முதலில் 3க்குத்தானே வரும்? அப்போது 3 பிரகாசமாகவும் 2 மங்கலாகவும் எரிய வேண்டும். வயரை மாற்றினால் பல்பு மாறுமா?" இன்னொருவன் சொன்னான்: "கோயில் திருவிழா சீரியல் செட்டில் கடைசி பல்பு மங்கலாகவா எரிகிறது?" அவ்வளவுதான். அதன்பின் பதினெட்டு செய்திகள், பாட் ஒரு வரி பேசவில்லை. ஐந்து வரியை விழுங்கியிருந்தது.

அந்தப் பெருமிதம் இரண்டே நாள். நான்காம் குழுவில் ஒரு மாணவன் எட்டரை மணிக்கு எழுதினான்: "அம்மா கரண்டியோடு நிற்கிறார், சாப்பிட்டுவிட்டு வருகிறேன்." நாட்டாமை யோசிக்கவே இல்லை: 'பேட்டரியைத் திருப்பி மாட்டினால் என்ன ஆகும்?'

கரண்டி 'கரண்ட' என்று தொடங்குகிறது. கூடவே சாப்பாடும் வந்துவிட்டது. நிரலின் பார்வையில் இது அப்பழுக்கற்ற தப்பெண்ணம். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சரி, 'கரண்டி' என்று தொடங்கினால் விட்டுவிடு என்று ஒரு விதி எழுதினேன். எழுதிய அன்றே 'கரண்டில் மாற்றம் இல்லை', 'கரண்டின் அளவு' எல்லாம் பாட்டின் கண்ணிலிருந்து மறைந்தன. 'கரண்டில்' என்பதும் 'கரண்டி' என்றுதானே தொடங்குகிறது! கடைசியில், அதே செய்தியில் பல்பு என்ற சொல்லோ பல்பின் எண்ணோ இருந்தால் மட்டும் கேள் என்று முடித்தேன். எண் விதி வேறு ஒன்றுக்கும் உதவியது. '1=4=5>2=3' என்று மட்டும் போட்டுவிட்டு நகர்கிறவர்களை இப்போது அது பிடித்து, 'இந்த வரிசை எப்படி வந்தது?' என்று கேட்கிறது.

மின்வெட்டு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் இரவு எங்கள் தெருவில் நாற்பது நிமிடம் கரண்ட் இல்லை. லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, மோடத்துக்கு இல்லை. மாணவர்கள் அவரவர் ஊரில் கைபேசி டேட்டாவில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட் எடுத்துக்கொள்ளாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை பத்திரமாக வைத்திருக்கும். இணைப்பு திரும்பியதும் அத்தனையையும் மொத்தமாகக் கையில் கொடுத்தது. என் பாட், என்றைக்கோ தீர்ந்த சண்டைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக 'ஏன் அப்படி?' என்று கேட்கத் தொடங்கியது. ஒரே குழுவில் ஒரு நிமிடத்துக்குள் பதினொன்று. குழு ஒன்றில் நிமிடத்துக்கு 20 செய்திக்கு மேல் பாட்டுகளை அனுமதிப்பதில்லை என்று டெலிகிராமிலேயே ஒரு வரம்பு உண்டு. மின்வெட்டு இன்னும் நீண்டிருந்தால் அதையும் தொட்டிருக்கும். இப்போது செய்தியின் நேரத்தைப் பார்க்கிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் குறித்துக்கொள்ளும், பதில் சொல்லாது.

நான் வருந்தும் பிழை வேறு. பேசாமல் இருப்பவரைப் பேச வைக்கலாம் என்று, பத்து நிமிடமாக வாய் திறக்காதவரைப் பெயர் சொல்லி அழைக்கும் விதி ஒன்று எழுதியிருந்தேன். முதல் நாளே ஒரு மாணவியை மூன்று முறை அழைத்தது. அவள் வீட்டில் ஒரே கைபேசி. அப்போது அது அவளுடைய அண்ணன் கையில் இருந்திருக்கிறது. குழுவில் எல்லோர் முன்பும் பெயர் ஏலம் விட்டதுபோல ஆகிவிட்டது. மறுநாள் அவள் குழு மாற்றித் தரும்படி கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். தனி ஆளைப் பார்த்துக் கேட்பதா, பொதுவாகக் கேட்பதா என்பதையே தெசலோனிக்கிக் குழுவினர் தனி ஆய்வாக எடுத்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டாவது எழுதியிருக்கலாம். இப்போது பாட் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பொதுவாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அந்த மாணவி அண்ணன் வேலைக்குப் போன பிறகு, பகல் பதினொன்றுக்கு, விடுமுறை நாட்களில் பதில் எழுதுகிறாள். அவளுக்காகக் கேள்வியின் நேரத்தை ஒன்பது மணியோடு மூடாமல் மறுநாள் மாலை வரை நீட்டினேன்.

இன்னும் சரியாகாதது ஒன்று இருக்கிறது. நல்ல வாதங்கள் பலவும் எழுத்தில் வருவதில்லை. நோட்டுப் புத்தகத்தில் சுற்றைப் பேனாவால் வரைந்து, அம்புக்குறி போட்டு, படம் எடுத்து அனுப்புகிறார்கள். முதல்முறை படம் வந்தபோது, செய்தியில் எழுத்தே இல்லாததால் நிரல் நின்றே போனது. இப்போது நிற்பதில்லை, படம் வந்தால் யாரோ பேசிவிட்டதாகக் கொண்டு வரியை விழுங்குகிறது. படத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. குரல் செய்தியிலும் அதே கதிதான். போன செவ்வாய்க்கிழமை ஒருவன் தப்பான சுற்றை வரைந்து அனுப்ப, பாட் மரியாதையாக அடங்கிவிட, அதைத் திருத்தியது இன்னொரு மாணவன்தான். அவனும் எழுதவில்லை. அதே படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்டு, அடியில் 'ஏன் அப்படி, நாட்டாமை?' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தான்.

அடுத்த வாரம் வீட்ஸ்டன் சமனச்சுற்று. 'சமம்' என்ற தொடக்கத்தை விதியில் போட்டால் 'சமையல்' சிக்காது என்பதை மட்டும் இப்போதே சோதித்துவிட்டேன்.